புறத்தே தள்ளப்பட்டோரும் பாட்டுடைத் தலைவரும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



திண்டுக்கல் மலைக்கோட்டையின் அடிவாரத்தில் கூடித் தமிழ் வளர்க்கும் ஓர் அவையில், வழிப்பறிக்காரரையும் கலகக்காரரையும் பற்றிப் பேசுதல் பொருந்துமா எனச் சிலர் ஐயுறக்கூடும். அவ்வையத்திற்கு இக்கோட்டையே விடையாக நிற்கிறது. நாயக்கர், மைசூரார், கும்பினியார் என இதன் மேல் கொடி மாறிய ஒவ்வொரு முறையும், நேற்றுவரை தலைவனாக இருந்தவன் இன்று கலகக்காரன் எனப் பெயர் பெற்றான். ஆட்சி மாறினால் சட்டம் மாறும். சட்டம் மாறினால் குற்றவாளியின் பட்டியலும் மாறும். மாறாமல் நிற்பது பாட்டு ஒன்றே என்பது கவிஞர்களின் நம்பிக்கை. அந்நம்பிக்கை எவ்வளவு தூரம் உண்மை என்று ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

சட்டம் ஒருவனைப் புறத்தே தள்ளுகிறது. பாட்டு அவனை அகத்தே அழைத்துக்கொள்கிறது. இஃது உலகெங்கும் நிகழ்ந்த செய்தி. ஆனால் பாட்டு யாரை அழைத்தது, யாரை மறந்தது, அழைத்தபோது எதனை மறைத்தது என்னும் மூன்று வினாக்கள் எஞ்சுகின்றன. பாடுபவர்க்குப் பொறுப்பு உண்டு என்று நம்புவோர் இவற்றைத் தட்டிக் கழிக்க இயலாது.

ஓநாயின் தலை

இப்பொருளில் மிகுதியாகப் பேசப்படும் நாடு இங்கிலாந்து. அந்நாட்டின் இடைக்காலச் சட்டத்தில், குற்றம் சாட்டப்பட்டவன் மன்றத்திற்கு வாராவிடில் அவன் பெயர் கோட்ட மன்றத்தில் கூவப்படும். தொடர்ந்து ஐந்து மன்றங்களில் கூவியும் அவன் வாராதொழிந்தால், சட்டத்தின் காவலுக்கு அப்பாற்பட்டவன் என அறிவிக்கப்படுவான். அவன் உடைமை பறிபோகும். அவனுக்கு உணவும் உறைவிடமும் தந்தவர் தண்டனைக்கு ஆளாவர். பழைய வழக்கில், அத்தகையவன் ஓநாயின் தலையைச் சுமப்பவன் எனப்பட்டான். ஓநாயைக் கொல்வோர் போல அவனையும் எவரும் கொல்லலாம். இந்தத் தண்டனை எவ்வளவு அஞ்சப்பட்டது என்பதற்கு 1215ஆம் ஆண்டின் மகாசாசனமே சான்று. உரிய தீர்ப்பின்றி எந்தச் சுதந்திர மனிதனையும் இவ்வாறு புறத்தே தள்ளலாகாது என அது மன்னனிடம் உறுதி வாங்கியது. வழக்கொழிந்து நெடுங்காலம் ஆகியும், குற்ற வழக்குகளில் இம்முறை 1938இல்தான் முறையாக நீக்கப்பட்டது.

இச்சட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. பெண்ணை இவ்வாறு அறிவிக்க முடியாது. ஆண்கள் மட்டுமே குழுவாகச் சேர்ந்து சட்டத்திற்குக் கட்டுப்படுவதாக உறுதிமொழி ஏற்றனர். பெண் அவ்வுறுதிக்குள் சேர்க்கப்படவே இல்லை. உள்ளே இல்லாதவளை வெளியே தள்ளுவது எப்படி? ஆகவே, அவளைக் 'கைவிடப்பட்டவள்' என்று மட்டும் எழுதினர். விளைவு ஒன்றே; சொல்தான் வேறு. சட்டத்தின் அகம் யாருக்கெல்லாம் இருந்தது என்பதை இச்சொல் காட்டிவிடுகிறது. இக்குறிப்பு பின்னரும் பயன்படும்.

இராபின் ஹூட் உடை மாற்றிய கதை

புறத்தே தள்ளப்பட்ட ஆங்கிலேயருள் உலகம் அறிந்தவன் இராபின் ஹூட். அவன் உண்மையில் வாழ்ந்தவனா என்பது முடிவுறாத விவாதம். பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லியம் லாங்லாண்டு இயற்றிய 'பியர்ஸ் ப்ளோமன்' என்னும் பெருங்கவிதையில், சமயப் பாடம் அறியாத சோம்பேறிப் பாதிரியார் ஒருவர் இராபின் ஹூட் பாடல்கள் மட்டும் தமக்குத் தெரியும் என்கிறார். அப்பாடல்கள் அப்போதே மக்கள் வாயில் புழங்கியமைக்கு இது சான்றாகிறது. கற்றோரின் இகழ்ச்சி வழியாக அவன் முதன்முதல் இலக்கிய ஏட்டில் ஏறினான் என்பது சுவையான செய்தி.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சேறிய நெடும்பாடலில், அவன் பெருமகனும் அல்லன், அடிமையும் அல்லன். சொந்த உழைப்பில் நிற்கும் இடைநிலைக் குடிமகன். அப்பாடலில் வரும் மன்னன் பெயர் எட்வர்டு. சிங்க நெஞ்சன் ரிச்சர்டு அல்லன். காதலி மேரியன் அதில் இல்லை. கடனில் மூழ்கிய வீரன் ஒருவனுக்கு அவன் 400 பவுன் கடன் தருகிறான். செல்வரிடம் பறித்து வறியவர்க்கு வழங்கினான் என்னும் புகழ் முழு வடிவம் பெற்றது பிற்காலத்தில்தான். மன்னனிடம் மன்னிப்புப் பெற்று அரண்மனைக்குச் சென்றவன், காட்டை மறக்க இயலாமல் திரும்பிவிடுகிறான். இறுதியில், நோய் தீர்ப்பதாகக் குருதி வடித்த உறவுப் பெண்ணொருத்தியின் வஞ்சத்தால் மாள்கிறான்.

பிற்காலத்தார் அவனைச் சும்மா விட்டுவைக்கவில்லை. 1521இல் ஸ்காட்லாந்து வரலாற்றாசிரியர் ஜான் மேஜர் அவனை ரிச்சர்டு மன்னன் காலத்தில் நிறுத்தினார். 1598இல் அந்தோணி மண்டேயின் நாடகங்கள் அவனைப் பிரபுவாக உயர்த்தின. 1795இல் ஜோசப் ரிட்சன் பாடல்களைத் திரட்டியபோது, பிரெஞ்சுப் புரட்சியின் சூட்டில் அவன் கொடுங்கோன்மையின் பகைவன் ஆனான். வால்டர் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' அவனைச் சாக்சானிய இனத்தின் தோழன் ஆக்கியது. ஒவ்வொரு காலமும் தனக்கு வேண்டிய சட்டையை அவனுக்குத் தைத்துப் போட்டது. அவன் கையில் மாறாமல் இருந்தது வில் ஒன்றே.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. பாட்டு, புறத்தே நின்றவனை உள்ளே அழைக்கும்போது கேட்போர் விரும்பும் உருவில் அழைக்கிறது. குடிமகனாக இருந்தவனைப் பிரபுவாக்கிய பின்னரே பெரிய மனிதர்களின் கூடம் அவனுக்குக் கதவு திறந்தது.

தமிழில் 'புறம்' என்னும் சொல்

இனித் தமிழுக்கு வருவோம். தமிழில் 'புறம்' இழிவான சொல் அன்று. வெளி என்பதும் அதன் பொருள். வீரமும் கொடையும் பாடும் திணைப் பகுப்பும் அதன் பொருள். புறத்திணையின் தொடக்கமே வெட்சி. பகைவரின் ஆநிரையைக் கவர்தல். கவர்ந்தவனுக்கு அது வீரம். இழந்தவனுக்கு அது களவு. இலக்கணம் இவ்விரு பார்வையையும் அறிந்திருந்தது. கவர்வதற்கு ஒரு பூவும், மீட்பதற்குக் கரந்தை என்னும் மற்றொரு பூவும் அளித்து இருவரையும் சமமாகப் பாடியது.

இஃது ஏட்டுச் செய்தி மட்டும் அன்று. வைகைக் கரையில், இன்றைய தேனி மாவட்டத்தைச் சேர்ந்த புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டனர். அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆகோளில் இறந்த அந்தவன் என்பவனின் நினைவுக் கல். நாடெங்கும் கிடைத்துள்ள மிகப் பழைய நடுகற்களுள் ஒன்றாக அதனை அறிஞர் மதிக்கின்றனர். திண்டுக்கல்லுக்கு அண்மையில் எழுத்தோடு நின்ற நினைவுக்கல், மாடு கவரும் பூசலில் மாண்டவனுக்கு எடுக்கப்பட்டது என்பதை இவ்வட்டாரக் கவிஞர்கள் மனத்தில் இருத்துதல் வேண்டும்.

பாலைத் திணையில் வேறொரு காட்சி. வழிச்செல்வோரை மறித்து அலைக்கும் ஆறலை கள்வர் அங்கே உலவுகின்றனர். வேங்கட மலைப் பகுதியில் கள்வர்க்குத் தலைவனாக இருந்த புல்லியின் வள்ளண்மையை மாமூலனார் அகநானூற்றில் போற்றுகிறார். கள்வர் தலைவன் ஒருவனைக் கொடையாளி எனப் பாட அப்புலவருக்குக் கூச்சம் இருந்ததில்லை. அதே பாலைப் பாடல்கள், அம்பு பட்டு வீழ்ந்த வழிப்போக்கரின் உடலை மூடிய கற்குவைகளையும் தழைக்குவைகளையும் காட்டுகின்றன. பதுக்கை எனப் பெயர் பெற்ற அக்குவியல்களில் கிடப்போர்க்குப் பெயர் இல்லை, பெருமை இல்லை. ஆயினும் புலவர் அவர்களைக் கடந்து செல்லவில்லை, நின்று பார்த்தனர். வில் பிடித்தவனையும், அவ்வில்லால் வீழ்ந்தவனையும் ஒரே நிலத்தில் வைத்துக் காட்டியதே சங்கச் சான்றோரின் நேர்மை.

பின்னர் வந்த பத்தி இலக்கிய மரபிலும் இவ்வுருவம் தொடர்ந்தது. அடியார்க்கு அமுதளிக்கும் கைங்கரியத்திற்காக வழிப்பறி செய்தவர் திருமங்கையாழ்வார் என்பது வைணவக் குருபரம்பரை கூறும் வரலாறு. மணக்கோலத்தில் வந்த இறைவனையே அவர் மறித்து நின்ற நிகழ்ச்சி வேடுபரி விழாவாக இன்றும் வைணவத் தலங்களில் நடத்தப்பெறுகிறது. உள்ளவரிடம் பறித்து இல்லாதவர்க்கு உணவிட்ட தலைவன் ஒருவனை இங்கே திருக்கோயிலே ஏற்றுக்கொண்டது.

எல்லையில் நிற்கும் தெய்வங்கள்

நாயக்கர் காலத்திலும் அதன் பின்னும் வழங்கிய கதைப்பாடல்களில் புறத்தே தள்ளப்பட்டோர் கூட்டமாக வருகின்றனர். பேராசிரியர் நா. வானமாமலை 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழக வெளியீடுகளாகப் பதிப்பித்த முத்துப்பட்டன், காத்தவராயன், கட்டபொம்மு, கான்சாகிபு கதைப்பாடல்கள் இம்மரபைக் கற்றோர் அவைக்குக் கொண்டுவந்தன. அதுவரை வில்லுப்பாட்டுக்காரர் நாவிலும், பெரிய எழுத்துப் புத்தகங்களிலும் கிடந்தவற்றை இலக்கியம் என ஏற்கப் பலரும் தயங்கினர்.

மதுரைவீரன் கதையை எண்ணிப் பார்க்கலாம். பொம்மியைக் கவர்ந்து மணந்தவன், திருமலை நாயக்கர் ஆட்சியில் அழகர்மலைப் பகுதிக் கள்ளரை அடக்கியவன், அரண்மனைப் பெண் வெள்ளையம்மாளின் பொருட்டுக் குற்றவாளியாகி மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். அரசின் ஆணையால் புறத்தோரை அடக்கியவனே அவ்வரசின் ஆணையால் புறத்தோன் ஆகிறான். காத்தவராயன் ஆரியமாலையை விரும்பியதற்காகக் கழுவேறுகிறான். அந்தணராகப் பிறந்த முத்துப்பட்டன் சக்கிலியர் குலப் பெண்களாகிய பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணக்கிறான்; மாடு கவர வந்தோரோடு பொருது மடிகிறான். இவர்கள் மீறியது நாட்டின் சட்டத்தைக் காட்டிலும் சாதியின் சட்டத்தையே என்பது உற்று நோக்கத்தக்கது. ஆங்கிலக் கதையில் எதிரி நாட்டிங்காம் நகரத்துக் கோட்டத் தலைவன்; தமிழ்க் கதையில் எதிரி பெரும்பாலும் மணப்பந்தலில் நிற்கிறான்.

மற்றொரு வேறுபாடும் உண்டு. இராபின் ஹூட்டுக்கு மன்னிப்புக் கிட்டியது. மதுரைவீரனுக்குப் படையல் கிட்டியது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்கு வாயிலை ஒட்டி அவனுக்குச் சந்நிதி உண்டு. ஊர்தோறும் அவன் எல்லையில் நிற்கிறான். ஊரை மீறியவனையே ஊர்க்காவலுக்கு நிறுத்திய இவ்வழக்கத்தில் அச்சம் இருக்கிறது, கழுவாய் இருக்கிறது, கொன்றவனின் குற்ற உணர்வும் இருக்கிறது. ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. தெய்வமாக்கிய பிறகும் அவனை ஊருக்கு நடுவில் குடியேற்றவில்லை. பூசையும் பொங்கலும் பெற்று அவன் எல்லையிலேயே நிற்கிறான். பாட்டு அழைத்தும் ஊர் முழுதாகக் கதவு திறக்கவில்லை.

விருப்பாட்சியும் திண்டுக்கல்லும்

வரலாறு ஐயத்திற்கு இடமின்றிப் பேசும் காலத்திற்கு வருவோம். 1772ஆம் ஆண்டு காளையார்கோயிற் போரில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் வீழ்ந்தார். அரசி வேலுநாச்சியார் நாட்டை இழந்து திண்டுக்கல் சீமைக்கு வந்தார். ஐதர் அலியின் ஆட்சியில் இருந்த இப்பகுதியில், விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் அவருக்கு அடைக்கலம் அளித்தார். எட்டாண்டுகள் இங்குத் தங்கிப் படை திரட்டிய அரசி 1780இல் நாட்டை மீட்டார். நவாபின் கணக்கில் அவர் துரத்தப்பட்டவர். விருப்பாட்சியின் கணக்கில் அவர் விருந்தினர். ஒரே பெண், இரு ஏடுகளில் இருவேறு சொற்களால் குறிக்கப்பெற்றார்.

1792ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி திண்டுக்கல் கும்பினியார் கைக்கு மாறியது. நிலத்தை அளந்து வரி விதித்த புதிய ஆட்சிக்குப் பாளையக்காரர்கள் தடையாகத் தோன்றினர். 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் வீரபாண்டியக் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். ஆனால் அத்தோடு கிளர்ச்சி அடங்கவில்லை. திண்டுக்கல் பாளையங்களைக் கூட்டாக இணைத்த கோபால நாயக்கர், சிவகங்கை மருதிருவரோடும் கொங்குநாட்டுத் தலைவர்களோடும் மராட்டிய வீரர் தூந்தாஜி வாக்கோடும் தொடர்பு கொண்டார். அவ்விணைப்பின் விரிவை வரலாற்றறிஞர் கே. இராசய்யன் 1971இல் வெளியிட்ட தம் நூலில் ஆவணங்களின் துணையோடு எடுத்துக்காட்டினார். தூந்தாஜி 1800 செப்டம்பர் 10இல் போரில் மடிந்தார். 1801இல் கர்னல் இன்னஸ் தலைமையில் வந்த படை விருப்பாட்சியைக் கைப்பற்றியது. பிடிபட்ட கோபால நாயக்கர் அவ்வாண்டிலேயே திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். நகரில் உள்ள கோபாலசமுத்திரக் குளத்தின் பெயரை மக்கள் அவர் முடிவோடு சேர்த்தே நினைவுகூர்கின்றனர்.

அதே ஆண்டு அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் மருதிருவர் தூக்கிலிடப்பட்டனர். நவம்பர் 16இல் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரை தூக்கிலிடப்பட்டார். திசம்பர் முதல் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவின் அறிக்கை வெளியாயிற்று. பாளையக்காரர் கோட்டை வைத்திருத்தலும், மக்கள் படைக்கலம் ஏந்துதலும் தடைசெய்யப்பட்டன. ஒரு கையெழுத்தில் வேலும் வல்லயமும் வளரியும் குற்றப் பொருள்கள் ஆயின.

வெற்றி பெற்றோர் எழுதிய ஏட்டிலும் ஒரு விந்தை உண்டு. போரில் பங்கேற்ற ஆங்கிலத் தளபதி ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட நினைவுக் குறிப்பில், தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுத்தந்தவர் சின்ன மருது என எழுதி அவர் முடிவுக்கு வருந்துகிறார். ஊமைத்துரையின் மேல் மக்கள் கொண்டிருந்த அன்பை வியக்கிறார். 1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்த பின், போர்க்களத்தில் மகனைத் தேடிச் சென்ற தாய் ஒருத்தி அவனைக் குற்றுயிராகக் கண்டாள். தன்னை விட்டுவிட்டு அருகே காயமுற்றுக் கிடக்கும் ஊமைத்துரையைக் காக்குமாறு அம்மகன் வேண்டினான். அவள் அவ்வாறே அவரைச் சுமந்து சென்றாள். தேடி வந்த எட்டையபுரத்தார் நெருங்கியபோது, வீட்டுப் பெண்கள் அவரை வெள்ளைத் துணியால் மூடி, அம்மை கண்டு இறந்தான் என ஒப்பாரி வைத்தனர். வந்தவர்கள் அஞ்சி விலகினர்.

ஆங்கிலச் சட்டம் பெண்ணை உறுதிமொழிக்குள் சேர்க்கவில்லை என்று முன்னர்க் கண்டோம். சட்டத்தின் அகத்தே இடம் பெறாதவளே, சட்டம் தள்ளியவனைக் காக்கும் அகமாக இங்கு விளங்கினாள். அவள் பெயரை வெல்ஷும் எழுதவில்லை. அன்று அவள் கையாண்ட படைக்கலம் ஒப்பாரி. எளிய பெண்களின் வாய்மொழிப் பாட்டு. பாட்டு ஒருவன் உயிரைக் காத்தது என்பது இங்கே உவமை அன்று, நடந்த நிகழ்ச்சி.

பதுக்கையில் கிடப்போர்

இதுவரை சொன்னவற்றைக் கேட்டோர், சட்டம் பொய், பாட்டு மெய் என முடிவு கட்டிவிடக்கூடும். அம்முடிவு எளியது, ஆதலால் ஐயத்திற்குரியது. வில்லேந்தியவன் பறித்தது யாரிடம் என்னும் வினா எஞ்சி நிற்கிறது. அதற்கு விடை தேட வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை. திண்டுக்கல் சமவெளியே போதும்.

மதுரை, திண்டுக்கல் வட்டாரங்களில் கள்ளர் காவல் என்னும் முறை நெடுங்காலம் நிலவியது. ஊரார் காவற்கூலி தருவர். காவல்காரர் களவைத் தடுப்பர். களவு போனால் ஈடு தருவர். பழைய அரசுகள் இம்முறையை ஏற்றிருந்தன. கும்பினியாட்சி 1816ஆம் ஆண்டின் சட்டவிதியால் புதிய காவல் முறையைக் கொண்டுவந்து பழைய உரிமையின் வேரை அறுத்தது. கூலி உரிமை சட்டப்படி போயிற்று; வழக்கம் போகவில்லை. கூலி தராத ஊரில் மாடு காணாமற்போவதும், துப்புக்கூலி கொடுத்த பின் அம்மாடு கண்மாய்க் கரையில் கட்டிக் கிடப்பதும் நடைமுறை ஆயின. உழவனுக்கு மாடு என்பது மாடு மட்டும் அன்று. அடுத்த ஆண்டின் விதைப்பு, மகளின் மணம், வாங்கிய கடனுக்கு ஈடு. வெட்சிப் பூவின் அழகு அவன் கண்ணுக்குத் தெரிந்திராது.

1896ஆம் ஆண்டளவில் திண்டுக்கல் வட்டத்து ஊர்கள் ஒன்றுகூடின. அம்மையப்பக் கோன் என்பார் முன்னின்ற இவ்வியக்கத்தில் ஊர்தோறும் பொதுநிதி திரட்டினர். அதற்குப் 'பண்டு' என்று பெயர். களவு போன மாட்டிற்கு அந்நிதியிலிருந்து ஈடு தரப்பட்டது. ஆகவே துப்புக்கூலி தரத் தேவையில்லாமற்போயிற்று. இரவில் கொம்பு ஊதினால் வீட்டுக்கு ஒருவர் எழுந்து ஓடிவர வேண்டும். எளிய மக்கள் தாமே கண்ட இவ்வேற்பாட்டின் கூர்மையை வியக்காதிருக்க முடியாது. கரந்தைப் பூ பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் பூத்தது எனலாம்.

ஆனால் அவ்வியக்கம் அத்தோடு நிற்கவில்லை. காவல்காரரை ஊரைவிட்டு வெளியேற்றுவதாக வளர்ந்தது. வீடுகள் எரிந்தன. களவறியாத குடும்பங்களும் குழந்தைகளோடு சாலைக்கு வந்தன. நேற்றுப் பறிகொடுத்தவர் இன்று பிறரைப் புறத்தே தள்ளினர்.

அடுத்துச் சட்டம் வந்தது. 1871இல் வடநாட்டில் தோன்றிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் திருத்தப்பெற்றுச் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. சில ஆண்டுகளில் பிரமலைக் கள்ளர் அதன்கீழ்க் கொண்டுவரப்பட்டனர். கைரேகைச் சட்டம் என மக்கள் அதனை அழைத்தனர். ஆண்கள் பெயரைப் பதிந்து விரல்ரேகை வைக்க வேண்டும்; இரவில் சொன்ன இடத்தில் வந்து படுக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள் மேல் துப்பாக்கிச்சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் மாண்டனர். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது.

இடைக்கால ஆங்கிலச் சட்டத்தோடு இதனை ஒப்பிடுவோர் திடுக்கிடுவர். கொடுமை மிக்க அச்சட்டம்கூட ஒருவனைப் பெயர் சொல்லி ஐந்து முறை அழைத்தது. வந்து நின்று மறுமொழி சொல்லும் வாயிலை அதுவரை திறந்து வைத்தது. இருபதாம் நூற்றாண்டின் சட்டமோ யாரையும் அழைக்கவில்லை. தொட்டிலில் கிடந்த பிள்ளைக்கும் ஓநாயின் தலையைப் பிறப்போடு ஒட்டிவைத்தது. இராபின் ஹூட் பாடல்களைத் தொகுத்துப் போற்றிய நாட்டின் ஆட்சியே இதனைச் செய்தது. 1882 முதல் 1898 வரை பிரான்சிஸ் சைல்டு என்னும் அமெரிக்கப் பேராசிரியர் தொகுத்த ஆங்கில, ஸ்காட்லாந்துக் கதைப்பாடல் தொகுதிகளில் இராபின் ஹூட் பாடல்கள் மட்டும் ஏறத்தாழ நாற்பது இடம்பெற்றன. தன் நாட்டுப் புறத்தோனைப் பாடலில் போற்றியவர்க்கு, பிறர் நாட்டில் தாம் புறத்தே தள்ளியவரைக் காணக் கண் வாய்க்கவில்லை.

கவிஞர்க்கு எஞ்சும் கடமை

வரலாற்றறிஞர் எரிக் ஹாப்ஸ்பாம் 1969இல் வெளியிட்ட நூலில், அரசு குற்றவாளி எனக் கருத உழவர் தம்மவன் எனக் கருதும் மனிதனைச் சமூகக் கொள்ளையன் எனப் பெயரிட்டு ஆராய்ந்தார். அக்கருத்தை மறுத்தோர், அவர் பாட்டை அளவுக்கு மீறி நம்பினார் என்றனர். கொள்ளையர் பலர் உழவரையே வருத்தினர் என்று காட்டினர். திண்டுக்கல்லின் வரலாறு இருதரப்பாரையும் உண்மை பேசியவராக ஆக்குகிறது. விருப்பாட்சிக் கோபாலருக்கு மக்கள் தம்மவன் என்னும் பெயரைக் குளத்தில் எழுதி வைத்தனர். கொம்பூதிக் கூடிய உழவர்களோ, பறிகொடுத்தவனுக்கும் சொல்ல ஒரு கதை உண்டு என்று காட்டினர்.

கட்டபொம்மனுக்குக் கதைப்பாடல் வாய்த்தது. மேடை நாடகமும் 1959இல் திரைப்படமும் வாய்த்தன. மதுரைவீரனுக்கு 1956இல் திரைப்படம் வாய்த்தது. கோபால நாயக்கருக்கு விருப்பாட்சியில் மணிமண்டபம் எழுந்துள்ளது. ஆனால் கட்டபொம்மு கதைப்பாடலைப் போல் நாடறிந்த பாட்டு ஒன்று அவருக்கு வாய்க்கவில்லை. ஊமைத்துரையைச் சுமந்த தாய்க்குப் பெயர்கூட வாய்க்கவில்லை. மாட்டை இழந்து துப்புக்கூலிக்குக் கடன் வாங்கிய உழவனைப் பாடியவர் இலர். ரேகை வைத்த விரலின் மையைக் குழந்தையின் கண்ணுக்குத் தெரியாமல் துடைத்துக்கொண்ட தந்தையைப் பாடியவரும் மிகச் சிலரே.

இவர்களைப் பாட முன்வரும் கவிஞர் மூன்று சான்றுகளைக் கேட்டல் வேண்டும். அரசின் ஏடு ஒன்று. பாடகன் நாவு ஒன்று. பறிகொடுத்தவன் வாய்மொழி ஒன்று. ஏட்டை மட்டும் நம்பினால் கோபாலர் வெறும் கலகக்காரர் ஆகிவிடுவார். பாட்டை மட்டும் நம்பினால், மண்டே செய்ததுபோல் குடிமகனுக்குப் பிரபுவின் சட்டையை மாட்டிவிடுவோம். இக்காலத்தில் அச்சட்டை பெரும்பாலும் சாதிப் பெருமையால் தைக்கப்படுகிறது என்பதையும் இவ்வவையில் சொல்லாமல் விட முடியாது. அனைவர்க்கும் அடைக்கலம் தந்தவரைத் தம் சாதிக்கு மட்டும் தலைவராக்கிச் சுவரொட்டியில் ஒட்டுதல், அவரை மீண்டும் ஒருமுறை தூக்கிலிடுவதை ஒக்கும். பறிகொடுத்தவன் குரலை மட்டும் கேட்டால், அவனது சினம் ஒரு குலத்தையே குற்றவாளியாக்கிய சட்டத்திற்கு வழிவிட்டதைக் காணத் தவறுவோம்.

மூன்றையும் கேட்டு ஒரு பாட்டில் வைத்தல் அரிது. அது முடியும் என்பதற்குப் பாலை பாடிய சான்றோரே சான்று. அவர்கள் புல்லியின் கொடையை மறைக்கவில்லை. பதுக்கையில் கிடந்தவனையும் மறைக்கவில்லை. இரண்டையும் கண்ட அவர்கள் கண் நடுங்கவும் இல்லை.

பத்தாண்டு நிறைவு கண்ட இவ்வட்டத்தின் கவிஞர்கள் மலைக்கோட்டையை ஆயிரம் முறை பாடியிருக்கக்கூடும். இனி ஒருமுறை கோபாலசமுத்திரக் கரைக்கும், விருப்பாட்சிச் சாலைக்கும், கொம்பு ஒலித்த சமவெளி ஊர்களுக்கும் அவர்கள் நடந்து செல்லட்டும். அங்கே பெயரில்லாமல் நிற்போர் ஐந்து முறை மட்டும் அல்ல, இருநூறு ஆண்டுகளாக அழைப்பை எதிர்பார்த்து நிற்கின்றனர். அவர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் மன்றம் கவிதை ஒன்றே.